கணம் என்பது யாது?



வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி நாம் மார்டள்ளிக்குச் சென்றிருந்தோம். மாதேசுவர மலையை அடுத்துள்ள அவ்வூரில் வீட்டு மொழி தமிழ். பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் வழங்குவது கன்னடம். பாடநூலில் ஆங்கிலமும் உண்டு. இம்மூன்றுக்குமிடையே வளரும் பிள்ளைகள் அறிவுக் கூர்மை உடையவர்கள். அன்பர் ஒருவர் இல்லத்துத் திண்ணையில் மாலையில் நாம் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டுச் சிறுமி தன் ஆங்கிலப் புத்தகத்தை ஏந்தி வந்து ஓர் ஐயம் வினவினாள்.

“ஐயா, ‘மொமென்ட்’ என்றாலும் கணம் என்கிறார்கள். ‘இன்ஸ்டன்ட்’ என்றாலும் கணம் என்கிறார்கள். ‘ட்விங்க்ளிங்’, ‘ஜிஃபி’, ‘ட்ரைஸ்’ என்று இன்னும் சில சொற்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்றால் இத்தனை சொல் எதற்கு? உண்மையில் ஒரு கணம் என்பது எவ்வளவு நேரம்?”

வினவியவள் சிறுமியே, வினாவோ பெரிது. காஞ்சியிலும் நாளந்தாவிலும் பவுத்த அறிஞர்கள் பல நூற்றாண்டு ஆராய்ந்த வினா அது. அன்றிரவு அத்திண்ணையில் நாம் கூறியதையும், அதனைத் தொடர்ந்து அவள் பாட்டியார் எழுப்பிய வேறொரு வினாவையும், அதற்கு நாம் தந்த விடையையும் இங்கே விரித்து எழுதுகின்றோம். அவ்விரு வினாக்களும் நம் இல்லங்கள் பலவற்றில் விடையின்றிக் கிடப்பவை ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் சொற்களைக் காண்போம். ‘மொமென்ட்’ என்பது அசைவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தராசின் முள்ளை அசைக்கப் போதிய மிகச் சிறு எடையையும் அச்சொல் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தை 40 ஆகப் பகுத்து, ஒரு பகுதியை ‘மொமென்ட்’ என்றனர். நம் கணக்கில் அது 90 விநாடி. ‘இன்ஸ்டன்ட்’ என்பதற்கு அருகே வந்து நிற்பது என்பது வேர்ப்பொருள். ‘ட்விங்க்ளிங்’ என்பது கண் இமைத்தல். ‘ட்ரைஸ்’ என்பது கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தலைக் குறித்த டச்சுச் சொல்லினின்று வந்தது. ‘ஜிஃபி’ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கில் தோன்றியது. அதன் பிறப்பை அறிந்தவர் இலர். ‘செகண்ட்’ என்பது மணியை இரண்டாம் முறை பகுத்ததால் வந்த பெயர்.

இனித் தமிழை நோக்குவோம். இமைப்பொழுது என்கிறோம், அது கண்ணின் செயல். நொடி என்கிறோம், அது விரல்களின் செயல். எழுத்தொலியின் மாத்திரைக்கு அளவு கூற வந்த தொல்காப்பியரும் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே காட்டினார். ‘சட்டென’, ‘பட்டென’ என்கிறோம். அவை ஒன்று முறியும் ஓசையும் ஒன்று மோதும் ஓசையும் ஆகும். ‘மின்னலென’ என்கிறோம், அது வானின் செயல்.

அன்பர்காள், இச்சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அசைதல், வந்து நிற்றல், இமைத்தல், இழுத்தல், நொடித்தல், முறிதல், மின்னுதல். கிழக்கே ஆயினும் மேற்கே ஆயினும், மிகச் சிறு பொழுதுக்குப் பெயரிட முனைந்த மக்கள் பெரும்பாலும் ஒரு செயலின் பெயரையே எடுத்து அதற்குச் சூட்டியுள்ளனர். காலம் என ஒன்று தனியே ஒரு பாத்திரம்போல் கிடக்க, அதனுள் நாம் செயல்களை நிரப்புகின்றோம் என்று எண்ணுகின்றோம். மக்கள் மொழியோ செயலையே காலத்தின் அளவுகோலாகக் கொண்டது. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். பின்னர் வரும் யாவும் இதனையே சார்ந்தவை.

நம் அறநூல்கள் கணத்தை அளந்தும் காட்டியுள்ளன. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளையொட்டி வாழ்ந்த வசுபந்து என்னும் பேராசிரியர் தம் அபிதர்ம கோசத்தில் ஓர் அட்டவணை தருகின்றார். 120 கணம் ஒரு தத்கணம். 60 தத்கணம் ஓர் இலவம். 30 இலவம் ஒரு முகூர்த்தம். 30 முகூர்த்தம் ஓர் இரவும் பகலும். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளில் 64,80,000 கணங்கள் ஆகின்றன. இன்றைய விநாடி ஒன்றில் 75 கணங்கள் அடங்கும். இலவம் என்பது 96 விநாடி. ஐரோப்பியரின் பழைய ‘மொமென்டு’க்கு அது மிக அண்மையில் நிற்பதைக் காண்க. முகூர்த்தம் என்பது 48 நிமிடம். நம் நாழிகைக் கணக்கில் சரியாக இரண்டு நாழிகை.

இக்காலத்து அறிவியல் இதனினும் நுண்ணிய அளவைகளை அடைந்துள்ளது. 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணு சார்ந்த கதிர்வீச்சின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளின் கால அளவு என வரையறுக்கப்பட்டுள்ளது. இங்கும் ஓர் அசைவே அளவுகோலாயிற்று என்பதை மறவற்க. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடியாகப் பகுத்தால் வருவதற்கு அட்டோவிநாடி என்று பெயர். அத்தகைய நுண்பொழுதே நீடிக்கும் ஒளித் துடிப்புகளை உண்டாக்கும் வழிகளைக் கண்டமைக்காக அகோஸ்டினி, கிராவுஸ், லூலியே என்னும் மூவர்க்கு 2023இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஆயினும் ததாகதர் கணத்தைப் பற்றிப் பேசியது அளவையின் பொருட்டன்று. நான்கு திசையினின்றும் வில்வல்லார் நால்வர் ஒருங்கே எய்த அம்புகளை, அவை மண்ணில் விழுமுன் ஓடிப் பிடிக்க வல்லான் ஒருவன் உளனாயின் அவன் வேகம் எத்தகையது என்று அவர் ஒருமுறை பிக்குகளைக் கேட்டார். அவ்வேகத்தினும் கதிரும் திங்களும் செல்லும் வேகம் பெரிது. அதனினும் உயிரை நிலைநிறுத்தும் பண்புகள் தேய்ந்தொழியும் வேகம் பெரிது. ஆதலின் மடியின்றி வாழ்க என்று முடித்தார். கணத்தைப் பற்றிய போதனை விழிப்பைப் பற்றிய போதனையாக முடிந்ததைக் காண்க.

காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலொன்றின் முடிவில் குறிப்பிடும் புத்தகோசர், விசுத்திமார்க்கத்தில் ஓர் உவமை கூறுகின்றார். தேர்ச்சக்கரம் ஓடும்போதும் நிற்கும்போதும் வட்டையின் ஓரிடத்தாலேயே நிலத்தைத் தொடுகின்றது. அதுபோல் உயிர்களின் வாழ்வும் ஒரே ஒரு சித்த கணத்து அளவினதே. சென்ற கணத்தில் வாழ்ந்தோம், இப்போது வாழவில்லை. வரும் கணத்தில் வாழ்வோம், இன்னும் வாழவில்லை. நம் தமிழ்க் காப்பியமாகிய குண்டலகேசியிலும், அழிந்தவை போக எஞ்சிய சில பாடல்களுள், இக்கருத்து உண்டு. குழவிப் பருவம் இறந்தது, இளமை இறந்தது, இவ்வாறு நாள்தோறும் நாம் இறந்துகொண்டே இருக்கின்றோம். பிறர் இறந்தால் அழும் நாம் நமக்காக அழாதது ஏன் என்று நாதகுத்தனார் வினவுகின்றார்.

இவ்விடத்தில் திண்ணையிலிருந்த இளைஞர் ஒருவர் தடை எழுப்பினார். “கணந்தோறும் யாவும் மாய்கின்றன என்றால், நேற்றுக் கடன் வாங்கியவன் வேறு, இன்றிருப்பவன் வேறு ஆகானோ? எவன் நன்மை செய்தால் என்ன, எவன் தீமை செய்தால் என்ன?” என்றார். நல்ல தடை. மிலிந்த மன்னனும் நாகசேனரிடம் இதனையொத்த வினாவை வினவினான். இரவு முழுதும் எரியும் விளக்கின் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். ஒன்றும் அன்று, முற்றிலும் வேறும் அன்று. ஒன்றைப் பற்றி ஒன்று எரிகின்றது. மாங்கனி திருடியவன், ‘இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு கனி’ என்று வழக்காடினால் தப்புவானோ? தப்பான். கணம் மாய்கின்றது; ஆனால் தன் கையில் உள்ளதை அடுத்த கணத்தின் கையில் கொடுத்துவிட்டே மாய்கின்றது. சினத்தைக் கொடுத்தால் சினமும், அருளைக் கொடுத்தால் அருளும் தொடரும். கன்மம் என்பது இத்தொடர்ச்சியே.

இதுவரை பொறுமையுடன் கேட்டிருந்த சிறுமியின் பாட்டியார் அப்போது பேசினார். அவர் தம் கணவருடன் திரிசரணம் மேற்கொண்டு பல்லாண்டுகள் ஆயின. குரல் தாழ்ந்திருந்தது.

“ஐயா, கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்று சொல்லுங்கள். என் மூத்த பேத்தி பிறந்தது மூல நட்சத்திரம். வந்த வரன் இரண்டும் அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டன. பெண் மூலம் நிர்மூலம் என்கிறார்கள், மாமனாருக்கு ஆகாது என்கிறார்கள். இப்போது மூன்றாவதாக ஓர் இடம் வந்திருக்கிறது. பிறந்த நேரத்தை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று என் மகன் கேட்கிறான். முகூர்த்தமும் அவர்கள் குறித்துத் தருவார்களாம். நாங்கள் என்ன செய்வது?”

திண்ணையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. உள்ளே கதவோரம் அப்பெண் நிற்பது எமக்குத் தெரிந்தது. அன்பர்காள், ஏட்டில் உள்ள கணம் வேறு, ஒரு பெண்ணின் வாழ்வை மறித்து நிற்கும் கணம் வேறு என்று எவரேனும் எண்ணினால் அவர்க்கு இப்போதனை எட்டவில்லை என்பது பொருள்.

நாம் முதலில் கணக்கையே எடுத்தோம். திங்கள் 27 நாளும் சில மணி நேரமும் கொண்டு வானை ஒருமுறை சுற்றுகின்றது. அவ்வழியை 27 ஆகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளின் பெயர் வைத்துள்ளனர். ஆதலின் ஒரு நட்சத்திரத்தில் திங்கள் தங்குவது ஏறத்தாழ ஒரு நாள். அந்த நாளில் உலகெங்கும் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் அந்நட்சத்திரத்தினரே. இன்று உலக மக்கள் 800 கோடிக்கு மேற்பட்டோர். 27ஆல் வகுத்தால் மூலத்தில் பிறந்தோர் ஏறத்தாழ 30 கோடி. அவருள் பாதிப்பேர் பெண்கள். அந்த 15 கோடிப் பெண்டிரின் மாமனாரெல்லாம் அவர்தம் திருமணத்தால் மாண்டனரா? சீனத்திலும் ஆப்பிரிக்காவிலும் மூலம் என்னும் பெயரையே கேளாத மாமனார்கள் மருமகள் சமைத்த உணவை உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் அன்றோ! ஒரு பெண் பிறந்த கணம் பிறிதொருவர் உயிரைக் குடிக்கும் என்பது கணத்தின் மேல் சாற்றிய பழி; அப்பழி இறுதியில் வந்து தங்குவது அப்பெண்ணின் மேல்.

அடுத்து ஜாதகக் கதை ஒன்றைக் கூறினோம். அது நட்சத்திரத்தின் பெயராலேயே வழங்குவது. நகரத்துக் குடும்பம் ஒன்று சிற்றூரில் பெண் பேசி மணநாளையும் குறித்துவிட்டது. குறித்த நாளன்று தம் குடும்பத்துத் தவசியிடம் சென்று, ‘இன்று நாள் நல்லதா?’ என்று கேட்டனர். தம்மைக் கேளாமல் நாள் குறித்துவிட்டு இப்போது வந்து கேட்கின்றனரே என்று அவருக்குச் சினம். ‘இன்று ஆகாது, சென்றால் பெருங்கேடு’ என்றார். அவர்கள் செல்லவில்லை. சிற்றூரார் பந்தலிட்டு, விருந்து சமைத்துக் காத்திருந்தனர். காத்துக் காத்து, இறுதியில் பெண்ணை வேறொருவனுக்கு மணம் முடித்தனர். மறுநாள் வந்த நகரத்தார்க்கு எஞ்சியது சண்டை ஒன்றே. அவ்வழி வந்த அறிவுடையோன் ஒருவன், பெண்ணைப் பெறுவதே அவர்க்கு நன்னாளாக இருந்தது. வானத்து மீன்கள் இவ்வினைக்கு என்ன செய்யும் என்று கூறினான். அக்கதையில் நாளைக் கெடுத்தது மீனா, தவசியின் சினமா? சினமே. நாள் என்பது சினத்துக்கு அணிந்த போர்வை.

ததாகதர் வேறோரிடத்தில் இதனை நேராகவே அருளினார். காலையில் மெய்யாலும் மொழியாலும் மனத்தாலும் எவர் நல்லது செய்கின்றாரோ அவர்க்கு அக்காலை நற்காலை. நண்பகலும் மாலையும் அவ்வாறே. நல்ல நாள், நல்ல கணம், நல்ல முகூர்த்தம் என்பவை இவையே என்றார். முகூர்த்தம் என்னும் சொல்லை அவர் விலக்கவில்லை. அதற்கு உரிய பொருளைத் திருப்பித் தந்தார். ஒரு நாளில் முகூர்த்தம் 30 உள்ளன என்று மேலே கண்டோம். அவற்றுள் ஒன்றைப் பஞ்சாங்கத்தில் தேடி, மற்ற 29ஐ வீசி எறிவது உழவன் ஒரு நெல்லை எடுத்துக்கொண்டு களத்து நெல்லைக் காற்றில் தூற்றுவதற்கு ஒப்பாகும். நாள்தோறும் ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. பகல் 12 மணியில் கால் பங்கு இவ்விரண்டுக்கே போயிற்று. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்பர். அந்நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், கூலியாட்கள் வேலைக்கு இறங்குகின்றனர், மருத்துவமனைகளில் குழந்தைகள் பிறக்கின்றன.

“அப்படியானால் அவர்கள் குறிக்கும் முகூர்த்தத்தை மறுத்துவிட வேண்டுமா?” என்று பாட்டியார் கேட்டார்.

“வேண்டா, அம்மா,” என்றோம். “எல்லா நேரமும் நல்லது என்பவர்க்கு அவர்கள் குறிக்கும் நேரமும் நல்லதே. அதில் வழக்காடி உறவை முறித்துக் கொள்ள வேண்டா. ஆனால் பிறந்த நேரத்தை மாற்றிச் சொல்வது வேறு. அது பொய்யுரை; நாம் எடுத்த சீலத்தில் நான்காவது அதனை விலக்குகின்றது. சீலம் ஒருபுறம் இருக்கட்டும். நாளை அந்த வீட்டில் யாரேனும் நோயுற்றால், பொய் வெளிப்படுமோ என்று உங்கள் பேத்தி ஒவ்வொரு கணமும் நடுங்குவாள். உள்ளதைச் சொல்லுங்கள். மூலம் என்று சொல்லி, நாங்கள் அதனை நம்புவதில்லை, பெண்ணின் குணத்தையும் கல்வியையும் பாருங்கள் என்று சொல்லுங்கள். கேட்டு வருபவர் வரட்டும். அதைக் கேட்டதும் செல்பவர், பிற்பாடு எந்தத் துன்பம் வந்தாலும் அதனை அவள் தலையில் சுமத்தக் கூடியவர்கள். அவர்கள் முன்பே செல்வது நன்று.”

இதனை நாம் எளிதாகச் சொல்லிவிட்டோம். மூன்றாம் முறையும் ஒரு வரன் திரும்பினால் அவ்வீட்டில் விழும் அமைதி எத்தகையது என்பதை நாம் அறியாமல் இல்லை. அறம் விலையில்லாமல் கிடைப்பதில்லை. அன்றியும் அவ்விலையை நாம் பிறர்க்கு வகுத்துவிட்டு எழுந்து போவது தகாது. ஆகவே, அவ்வூரிலும் அயலூர்களிலும் உள்ள நம் குடும்பத்தார்க்கு ஒன்று சொன்னோம், இங்கும் சொல்கின்றோம். நட்சத்திரம் கேளாமல் பெண் எடுக்க நாம் முன்வராவிட்டால், நட்சத்திரம் பார்க்கலாகாது என்று பெண் வீட்டாருக்கு உபதேசிக்கும் உரிமை நமக்கு இல்லை. மகனைப் பெற்ற பவுத்தர்களே, இது உங்கள் வாயிலில் நிற்கும் வினா.

இனிச் சொல்லப்போவது துயரமானது. மார்டள்ளிக்கு அண்மையில் உள்ள சுள்வாடியில், 2018 டிசம்பர் 14ஆம் நாள், மாரம்மன் கோயில் ஒன்றில் நன்னிகழ்ச்சி ஒன்றன்போது வழங்கிய உணவில் பூச்சிக்கொல்லி மருந்து கலந்திருந்தது. உண்டவர்களுள் 17 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அது குறித்து வழக்கு எழுந்தது. அதில் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. அவ்வட்டாரத்தில் இன்றும் அந்நாளைப் பேச்செடுத்தால் பெண்கள் முந்தானையால் முகம் துடைக்கின்றனர். மாண்டவர் எத்தெய்வத்தை வணங்கினார் என்று கேட்பவன் பவுத்தன் ஆகான். பசித்தவர் இலையில் சோறு வாங்கி உண்டனர், அவ்வளவே.

ஒரு கவளம் கையிலிருந்து வாய்க்குச் செல்லும் நேரம் எவ்வளவு? பகவன் ஒருமுறை நாதிகத்தில் பிக்குகளை நோக்கி, சாவை நினைந்து வாழ்கின்றீரோ என்றார். ஒருவர், ‘ஓர் இரவும் பகலும் வாழ்ந்தால் போதும், அறத்தை நினைவேன்’ என்றார். ஒருவர் ஒரு பகல் என்றார். ஒருவர் ஒரு வேளை உணவு உண்ணும் பொழுது என்றார். ஒருவர் நாலைந்து கவளம் மெல்லும் பொழுது என்றார். ஒருவர் ஒரே ஒரு கவளம் மென்று விழுங்கும் பொழுது என்றார். கடைசியாக ஒருவர், ஒரு மூச்சு உள்வாங்கி வெளிவிடும் பொழுது என்றார். முதல் நால்வரும் இன்னும் மெத்தனமாகவே உள்ளனர். இறுதி இருவரே விழிப்புடையோர் என்று பகவன் அருளினார். இதனை நாம் பலமுறை ஓதியதுண்டு. சுள்வாடியை நினைந்த பின்னரே, ‘ஒரு கவளம்’ என்ற சொல் உவமை அன்று என்பது எமக்குப் புலப்பட்டது.

இவ்விடத்தில் இன்னொன்றும் எண்ணத்தக்கது. நஞ்சைக் கலத்தில் ஊற்றக் கைக்கு வேண்டியது சில நொடிகளே. ஆனால் அந்நொடிக்கு முன் எத்தனை கணங்கள்! பொறாமை எழுந்த கணம், அதனைத் தடவி வளர்த்த கணம், எண்ணம் சொல்லான கணம், பொருளைத் தேடிச் சென்ற கணம். தீச்செயல் எதுவாயினும் அதன் முன் இத்தகைய படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் திரும்ப வழி இருந்தது. ‘கண நேரத்தில் நடந்துவிட்டது’ என்று உலகோர் கூறுவர். அது பிழை. கண நேரத்தில் வெளிப்பட்டது என்பதே சரி.

நற்செயலும் அவ்வாறே. ஆனந்தர் இருபத்தைந்து ஆண்டுகள் பகவனுக்கு அணுக்கத் தொண்டு செய்தவர். ஆயினும் அருக நிலை எய்தவில்லை. இராசகிருகத்தில் முதற் சங்கம் கூடுவதற்கு முன்னிரவு முழுதும் அவர் நடந்து நடந்து முயன்றார். விடியலில் சற்றே சாய்வோம் என்று படுக்கையில் அமர்ந்து கால்களைத் தூக்கினார். கால் நிலத்தை விட்டது. தலை அணையைத் தொடவில்லை. அவ்விடைக் கணத்தில் அவர் உள்ளம் தளையறுந்தது. அதனைக் கேட்போர் கணத்தை வியப்பர். நாமோ அக்கணத்துக்குப் பின்னே நின்ற இருபத்தைந்து ஆண்டுகளையும் சேர்த்தே வியக்க வேண்டும். உடனே காப்பி, உடனே கடன், உடனே செய்தி என்று ‘இன்ஸ்டன்ட்’ என்னும் சொல்லைக் கடைதோறும் எழுதி வைத்திருக்கும் இக்காலத்தில், உடனே கிடைக்கும் பக்குவம் ஒன்றும் இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அங்ஙனமாயின் சிறு கணத்தால் பயனே இல்லையோ எனின், உண்டு. விரல் நொடிக்கும் பொழுதேனும் ஒரு பிக்கு அன்புள்ளத்தை வளர்ப்பானாயின், அவன் நாட்டார் இட்ட சோற்றை வீணே உண்டவன் ஆகான் என்று பகவன் அருளினார். ஒரு நொடி! அதனினும் எளிய நோன்பு எவரால் விதிக்க இயலும்? ஆதலின் இதனை இல்லத்தார் யாவரும் கைக்கொள்க. கடுஞ்சொல் ஒன்று நாவின் நுனிக்கு வரும்போது ஒரு மூச்சு தாழ்க்க. பிள்ளையை அடிக்கக் கை எழும்போது ஒரு மூச்சு தாழ்க்க. தேநீர்க் கடையிலோ அலுவலகத்திலோ எவரேனும் நம் குலத்தை வினவி நம்மை இகழும்போதும் ஒரு மூச்சு தாழ்க்க. அம்மூச்சு அடங்கிப் போவதற்கன்று. சினத்தின் அடிமையாய் விடையிறுக்காமல், நிமிர்ந்து, சட்டம் அறிந்து, தெளிவாய் விடையிறுப்பதற்கு. பாலி மொழியில் கணம் என்னும் சொல்லுக்கு வாய்ப்பு என்னும் பொருளும் உண்டு. அம்மூச்சின் இடைவெளியே நமக்கு வாய்த்த வாய்ப்பு.

மார்டள்ளியைப் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றோம். அவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் 31 இரவு வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நள்ளிரவு கடந்த கணத்தில், நவம்பர் 1 முதல், அது மைசூர் மாநிலத்தது ஆயிற்று. பின்னர் 1997இல் சாமராசநகர் மாவட்டம் அமைந்தபோது மீண்டும் பெயர் மாறிற்று. ஏட்டில் மாறுவதற்கு ஒரு கணம் போதும். வயலில் கேழ்வரகு மாறவில்லை. வீட்டில் தாலாட்டு மாறவில்லை. அதே 1956இல், அதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பல இலட்சம் மக்களுடன் தீட்சை ஏற்றார். அதற்கு முன்னரே, 1898இல், பண்டித அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்று, சென்னையில் சாக்கிய பவுத்த சங்கத்தை நிறுவினார். சரணம் சொல்வதற்குச் சில நொடி போதும். ஏட்டில் நாம் பவுத்தர் ஆனது அந்நொடியில். வீட்டில் பவுத்தர் ஆவது எப்போது? பேத்தியின் நட்சத்திரத்தைக் கேட்டவர் முன் உண்மை பேசும் கணத்தில். மகனுக்குப் பெண் எடுக்கையில் பஞ்சாங்கத்தை மூடி வைக்கும் கணத்தில். உயர்த்திய கையைத் தாழ்த்தும் கணத்தில்.

நாம் புறப்படும்போது சிறுமி வாயில் வரை வந்தாள். “கணம் எவ்வளவு நேரம் என்று கேட்டாயே, விடை கிடைத்ததா, அம்மா?” என்றோம். அவள் சற்று எண்ணி, “ஒன்றைச் செய்கிற நேரம்,” என்றாள். அதனினும் சிறந்த விடையை நாம் எந்நூலிலும் கண்டதில்லை. அவள் பின்னே கதவோரம் நின்ற மூத்தவளும் அப்போது வெளியே வந்து, எம்மை நேரே நோக்கிக் கைகூப்பினாள்.

அன்பர்காள், இவ்வுரையை நீங்கள் படித்து முடிக்கும் இக்கணமும் கடந்துகொண்டிருக்கின்றது. அடுத்த கணத்தின் கையில் எதனைக் கொடுக்கப் போகின்றீர்? அருளைக் கொடுப்பீராக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! சுள்வாடியில் மாண்டோர் பொருட்டும், அவரை இழந்து வாழ்வோர் பொருட்டும் நம் அன்பு பெருகுக! நமோ புத்தாய.